கழிவுக்கு விலை கேட்டு வருவோர்

நெசவாளர் சங்கங்களுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வகை விருந்தாளிகள் வரத் தொடங்கியிருக்கின்றனர். நூலோ உரமோ விற்க வராமல், சங்கக் கட்டிடத்தின் பின்புறம் குவிந்து கிடக்கும் துண்டு நூலையும், களத்தில் மக்கும் சக்கையையும், தொழுவத்தில் சேரும் சாணத்தையும் கேட்டு வருகின்றனர். பெரும்பாலோர் பொறியியலோ உயிரியலோ பயின்ற இளைஞர்கள். ஒரு மடிக்கணினி, அதில் பத்துப் பன்னிரண்டு படங்கள், ஐந்து நிமிடப் பேச்சு. பேச்சு முடிந்ததும் ஓர் ஒப்பந்தக் காகிதம். இதில் கையெழுத்திடலாமா என்று நிர்வாகக் குழுக்கள் வினவுகின்றன. இதற்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவதற்கில்லை. ஆதலின் விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

இவர்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு ‘ஸ்டார்ட்-அப்’ என்று பெயர். தமிழில் புத்தொழில் நிறுவனம் என்கின்றனர். 2016 ஜனவரி 16-ஆம் தேதி மத்திய அரசு இத்தகைய முயற்சிகளை ஊக்குவிக்கத் தனித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. மாநில அரசுகளும் கல்லூரிகளும் போட்டிகள் நடத்துகின்றன. நடுவர்கள் முன்னும் பணம் போடுவோர் முன்னும் இளைஞர்கள் தத்தம் யோசனையை எடுத்துரைக்கின்றனர். தேறியவருக்குப் பரிசோ விதை நிதியோ கிடைக்கிறது. நம் சங்கத்தில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் அந்த மேடைகளுக்காகத் தயாரானவையே. பணம் போடுவோருக்கு ஏற்ற பேச்சை நெசவாளர் முன்னிலையில் பேசுவதால் பாதி விஷயம் விளங்காமல் போவதில் வியப்பில்லை.

பணம் போடுவோரின் கணக்கு முறையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். அவர்கள் கொடுப்பது கடனன்று, பங்கு மூலதனம். பத்து நிறுவனங்களில் பணம் போட்டு, அவற்றுள் ஏழெட்டு நொடித்துப் போயினும், ஒன்றிரண்டு பன்மடங்கு பெருகினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் நிலையில் அது சரியே. ஆனால் நம் சங்கம் ஒப்பந்தம் செய்துகொள்வதோ அந்தப் பத்தில் ஒரே ஒரு நிறுவனத்துடன். அது நொடிக்கும் ஏழில் ஒன்றாக இருந்துவிட்டால், பணம் போட்டவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்; முற்றத்தில் தேங்கிய கழிவும், கொடுத்த முன்பணமும், வேறு வியாபாரியை விலக்கிவிட்டதால் வந்த நஷ்டமும் நம்மிடமே தங்கும்.

இவர்கள் அடிக்கடி கூறும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற தொடரின் பொருள் எளிது. மண்ணிலிருந்து எடுத்து, பண்டமாக்கி, பயன்படுத்தி, குப்பையில் எறிவது நேர்கோட்டு முறை. எறிவதற்குப் பதிலாக மீண்டும் மூலப்பொருளாக்குவது சுழற்சி முறை. இதை நம்மவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பருத்திக் கொட்டை மாட்டுக்கும், மாட்டுச் சாணம் பருத்திக் காட்டுக்கும் போய்க்கொண்டிருந்த நாடு இது. பழைய பட்டுச் சேலையின் ஜரிகையை எடை போட்டு வாங்கி, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்போர் எத்தனை தலைமுறையாகத் தெருவில் கூவிக்கொண்டு வருகின்றனர்! மேல்நாட்டிலும் இது பழைய தொழிலே. 1813-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதிய கம்பளி சேர்த்து நூற்று, ‘ஷாடி’ என்னும் துணியை உண்டாக்கினார். இத்தாலியில் பிராட்டோ நகரமும், நம் நாட்டில் ஹரியானாவின் பானிப்பட்டும் அதே தொழிலால் செழித்தவை.

அப்படியாயின் புதிது யாது? கலந்து கிடப்பனவற்றை இரசாயனத்தாலும் நுண்ணுயிராலும் பிரிக்கும் முறைகள் ஓரளவு வளர்ந்திருக்கின்றன. சட்டங்களும் மாறிவருகின்றன. பிளாஸ்டிக் உறையில் பண்டம் விற்பவரே அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற நெறிமுறைகளை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் பழந்துணியைத் தனியே சேகரித்தல் கட்டாயமாயிற்று. ஆகவே நேற்றுவரை கேட்பாரற்றுக் கிடந்த பொருளுக்கு இன்று கேள்வி பிறந்திருக்கிறது. கேள்வி பிறந்த பொருளை இலவசமாகக் கொடுப்பது எவ்வகை வியாபாரம்?

இனி, இத்தகைய முயற்சிகள் எங்கே தவறின, எங்கே நிலைத்தன என்பதைப் பார்ப்போம்.

1987-இல் தில்லியின் திமார்ப்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று அமைந்தது. இயந்திரம் டென்மார்க் நாட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தருவதென்பது திட்டம். சுமார் 3 வாரம் ஓடிற்று, பின்பு நின்றது. இயந்திரத்தில் பழுது ஏதுமில்லை. கிலோவுக்கு 1,460 கிலோகலோரி வெப்பமேனும் தரும் குப்பை அதற்குத் தேவை. தில்லிக் குப்பை தந்ததோ 600 முதல் 700 வரை. காரணம் வெளிப்படை. தாளும் துணியும் அட்டையும் நம் ஊர்களில் குப்பைத் தொட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்பே பழைய பொருள் வாங்குவோர் கைக்குப் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஈரக் காய்கறித் தோலும் மண்ணும் சாம்பலும். டென்மார்க் குப்பைக்காக அமைத்த உலையில் அதைப் போட்டால் எப்படி எரியும்?

அதன் பின்னரும் படிப்பினை முழுமையாக ஏற்கப்படவில்லை. 2003-இல் லக்னோ நகரில் 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நோக்குடன் உயிர்வாயு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே எரிப்பதில்லை, காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் ஈரக் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை வெளிவிடும். இம்முறை நம் குப்பைக்குப் பொருத்தமானதே. ஆயினும் நகரத்திலிருந்து வந்த கழிவில் மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்திருந்தன. தரம் பிரித்த கழிவு போதுமான அளவு கிடைக்கவில்லை. நிலையம் விரைவிலேயே மூடப்பட்டது.

இவ்விரண்டுக்கும் நேர்மாறானது இந்தோர். வீட்டு வாசலிலேயே ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாக வாங்கும் பழக்கத்தை அந்நகரம் முதலில் ஏற்படுத்திற்று. வீடுவீடாகச் சொல்லி, அபராதமும் விதித்து, பல ஆண்டுகள் பாடுபட்ட பின்னரே பெரிய இயந்திரத்துக்கு வந்தது. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி அங்கே தொடங்கிவைக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் திறனுடையது. 17,000 கிலோ வாயுவும் 100 டன் எருவும் அதன் இலக்கு. வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. லக்னோவுக்கும் இந்தோருக்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரத்தில் தேடுவது வீண். அது வாசற்படியில் இருக்கிறது.

ஈண்டு ஒரு கணக்கை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பசுஞ்சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு வரும். அது சமையல் எரிவாயு அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைந்ததற்கு ஈடு. இதைப்போல் இரு மடங்கு வருமென்று யாரேனும் படம் காட்டினால், எந்த ஆய்வுக்கூடத்தில், எந்தக் கழிவைக் கொண்டு, எத்தனை நாள் சோதித்தது என்று கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அன்றியும், ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரை லாரியில் ஏற்றி 40 மைல் கொண்டுபோவதாகச் சொல்லும் திட்டத்தில் வாடகை எங்கே அடங்கும் என்பதையும் விசாரிக்க வேண்டும். இத்துறையில் பல யோசனைகள் விஞ்ஞானத்தில் தேறி வண்டி வாடகையில் தோற்றவை. 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த அழுத்தப்பட்ட உயிர்வாயுத் திட்டம் 2023-க்குள் 5,000 நிலையங்களை எதிர்பார்த்தது; அந்த ஆண்டில் எண்ணிக்கை அதன் அருகில்கூட வரவில்லை.

கழிவு ஒழுங்காகக் கிடைத்தும் தோற்றவர் உண்டு. நெசவாளர் சங்கங்கள் மிகவும் கவனிக்க வேண்டுவது இதுவே. ஸ்வீடன் நாட்டில் 2012-இல் ‘ரினியூசெல்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பழைய பருத்தித் துணியை இரசாயன முறையில் கரைத்து, நிறம் நீக்கி, காகித அட்டை போன்ற கூழ்த் தகடாக்கினர். அத்தகட்டிலிருந்து விஸ்கோஸ் இழை எடுக்கலாம். மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. உலகப் புகழ்பெற்ற ஆடை நிறுவனங்கள் பாராட்டின. அவற்றுள் ஒன்று பங்கும் வாங்கிற்று. 2022-இல் சுண்ட்ஸ்வால் என்ற ஊரில், முன்னர் காகித ஆலை இருந்த இடத்தில், ஆண்டுக்கு 60,000 டன் திறனுள்ள தொழிற்சாலை எழுந்தது. 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவாலாயிற்று. கூழ் நல்ல கூழ்தான். வாங்குவதற்கு உறுதியான ஆர்டர் வரவில்லை. ஆடை நிறுவனம் துணியாலையைப் பார்த்தது. துணியாலை நூற்பாலையைப் பார்த்தது. நூற்பாலை இழை உற்பத்தியாளரைப் பார்த்தது. விலை சற்று அதிகமாயிருந்த கூழை முதலில் வாங்க எவரும் முன்வரவில்லை. பாராட்டுக் கடிதத்தை வைத்துக் கூலி கொடுக்க இயலாது என்பதை நெசவாளருக்குச் சொல்லவும் வேண்டுமோ? பின்னர் அதே 2024-இல் புதிய உரிமையாளர் அதை வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். யோசனை அழியவில்லை, முதலில் பணம் போட்டவர்கள்தான் இழந்தனர்.

இரசாயன முறையன்றி, துணியை இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கும் முறையே இந்தியாவில் பரவலானது. திருப்பூர் பனியன் ஆலைகளின் வெட்டுத் துண்டுகள் இவ்வாறு மீண்டும் நூலாகின்றன. இதில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. கிழிக்கும்போது இழை அறுந்து நீளம் குறைகிறது. நீளம் குறைந்த பஞ்சிலிருந்து தடித்த, குறைந்த நம்பர் நூலே வரும். அதற்கும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டியிருக்கும். ஜமுக்காளம், படுக்கை விரிப்பு, திரைச்சீலை, கால்மிதி ஆகியவற்றின் ஊடைக்கு அது தாராளமாக ஏற்றது. 80, 100 நம்பர் சேலைப் பாவுக்கு அந்த நூலைத் தருவதாக ஒருவர் சொன்னால், அவருக்குத் தறி தெரியாது என்று கொள்ளலாம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துண்டுக்கு விலை குறைவு, கலப்பற்ற வெள்ளைப் பருத்தித் துண்டுக்கு விலை அதிகம் என்பதையும் நினைவிற்கொள்க.

கான்பூரிலிருந்து ஒரு நல்ல உதாரணம். கோயில்களில் சாத்திய மலர்கள் கங்கையில் கொட்டப்பட்டு, மலரிலுள்ள பூச்சிமருந்தும் ஆற்றில் கலந்துவந்தது. அங்கித் அகர்வால் என்ற இளைஞர் அம்மலரைச் சேகரித்து ஊதுவத்தி செய்யும் முயற்சியில் இறங்கினார். 2017-இல் ‘பூல்’ என்ற நிறுவனம் உருவாயிற்று. மலரைப் பிரித்துக் காயவைத்துப் பொடித்து உருட்டும் வேலையில் பெண்கள் ஈடுபட்டிருக்கின்றனர். மலரிலிருந்து தோல் போன்ற பொருள் செய்யும் ஆராய்ச்சியும் நடக்கிறது. பத்திரிகைகள் புகழ்வது அதைத்தான். எமக்கோ ஊதுவத்திதான் பெரிதாகத் தோன்றுகிறது. கோயிலிலிருந்து மலர் மற்ற குப்பையுடன் கலவாமல் வருகிறது. ஊதுவத்தி வாங்காத வீடு அருமை. வரும் வழியும் போகும் வழியும் திறந்திருந்தபடியால் நடுவிலிருந்த தொழில் பிழைத்தது.

தென்னை விவசாயிகளுக்கு அயலூர்க் கதை வேண்டுவதில்லை. 1 கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய 2 கிலோ நார்க்கழிவுத் தூள் மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து மஞ்சி மில்களைச் சுற்றி அது மலையாகக் குவிந்து கிடந்தது. அதிலுள்ள லிக்னின் என்னும் கடினப் பொருள் எளிதில் மக்காது. தழைச்சத்து 1 பங்கு என்றால் கரிமச்சத்து 100 பங்குக்கு மேல். அப்படியே வயலில் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அது கவர்ந்துகொள்ளும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு வழி கண்டது: 1 டன் தூளுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, சுமார் 60 நாள் வைத்தால், அந்த விகிதம் 25-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கி நல்ல எருவாகும். வீட்டுப் பின்புறத்திலேயே செய்யத்தக்க முறை. பங்கு மூலதனம் எதுவும் தேவையில்லை.

பிறகு அயல்நாட்டுப் பசுமைக் குடில்களில் மண்ணுக்குப் பதில் இத்தூளைப் பயன்படுத்தத் தொடங்கினர். தூளைக் கழுவி உப்பு நீக்கி, கட்டியாக அழுத்திக் கப்பலேற்றும் தொழில் வளர்ந்தது. மலையாகக் கிடந்த கழிவு அந்நியச் செலாவணி ஆயிற்று. மகிழ்ச்சியே. ஆனால் கழுவிய நீர் எங்கே போயிற்று? உப்பும் கறையும் கலந்த அந்நீர் நிலத்தில் இறங்கி, அக்கம்பக்கக் கிணறுகளைக் கெடுத்தது என்று விவசாயிகள் முறையிட்டனர். 2021 நவம்பரில் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசற்ற வெள்ளைப் பிரிவிலிருந்து எடுத்து ஆரஞ்சுப் பிரிவில் சேர்த்தது. மஞ்சி மில் வைத்தவரும் விவசாயி. கிணறு கெட்டவரும் விவசாயி. இருவரும் ஒரே சங்கத்து அங்கத்தினராக இருக்கவும் கூடும். கழிவிலிருந்து செல்வம் எடுக்கும் தொழிலுக்கும் கழிவு உண்டு. மடிக்கணினிப் படங்களில் அந்த இரண்டாவது கழிவைக் காட்டும் படம் வழக்கமாக இருப்பதில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்.

இதுவரை கூறியவற்றால் ஒன்று புலப்படும். கலப்பற்ற கழிவு தவறாமல் வருவதும், செய்த பண்டத்தை வாங்க ஆளிருப்பதுமே இத்தொழிலின் உயிர்நிலை. இளைஞரிடம் இருப்பது நடுவிலுள்ள செய்முறை. தரம் பிரித்த கழிவோ நூற்றுக்கணக்கான அங்கத்தினரைக் கொண்ட சங்கத்தின் கையில் இருக்கிறது. எருவையும் தடித்த நூலையும் வாங்கும் கையும் பல சமயம் அச்சங்கத்தினுடையதே. ஆகவே பேரம் பேசுகையில் நாம் இரப்போர் அல்லர். இதை உணர்ந்து நடந்த சங்கங்கள் உண்டு. குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் டாமா என்ற கிராமத்தில் நாளொன்றுக்கு 40 டன் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் நிலையத்தைத் தானே அமைத்து, கிலோவுக்கு 1 ரூபாய் வீதம் அங்கத்தினரிடம் சாணம் வாங்கிற்று. புனே நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் சேர்ந்து அமைத்த ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு, 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் கழிவு வாங்குகிறது. சேகரித்த தாளையும் பிளாஸ்டிக்கையும் விற்கும் உரிமை அங்கத்தினரிடமே இருக்கிறது. அந்த ஒரு ஷரத்து இல்லாவிடில் அச்சங்கம் வெறும் கூலிப் பட்டாளமாகியிருக்கும்.

ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் காணும் வரைவுகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. “சங்கத்தின் கழிவு முழுவதும் எங்களுக்கே” என்று 10 ஆண்டுக்கு எழுதியிருப்பர். தாங்கள் மாதந்தோறும் இவ்வளவு எடுத்தே தீருவோம் என்ற உறுதி மட்டும் இராது. இது ஒருபக்கக் கயிறு. குறைந்த அளவுக் கொள்முதல் எழுதப்படாத இடத்தில், முழு உரிமையும் எழுதப்படலாகாது. அடுத்து, விலை ஈர எடைக்கா, உலர் எடைக்கா, யார் தராசில் என்பது தெளிவாயிராது. மூன்றாவதாக, நிறுவனம் மூடப்பட்டால் நம் முற்றத்தில் நிற்கும் அவர்களது தொட்டியையும் தேங்கிய கழிவையும் யார் அகற்றுவது என்ற பேச்சே இராது. இதற்கு வங்கி உத்தரவாதம் கேட்பது முறையே. வாயு எடுத்த பின் மிஞ்சும் குழம்பு நல்ல உரம். அது யாருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும். முதலில் 6 மாதம் சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. நல்ல இளைஞர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

சங்கத்தின் பணத்தைக் கேட்டால், விஷயம் வேறு. சங்க நிதியை எவற்றில் முதலீடு செய்யலாம் என்பதை 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அதன் விதிகளும் வரையறுத்திருக்கின்றன. தனியார் நிறுவனத்தின் பங்கை வாங்குவதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்றே போதுமென்று எவரேனும் கூறினால் நம்பற்க. துணைவிதிகளைப் பார்த்து, உரிய பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பின்னரே பேச்சைத் தொடர வேண்டும். பரிசு பெற்ற யோசனை என்பதும், அமைச்சர் கையால் கேடயம் வாங்கிய படம் இருக்கிறது என்பதும் இதில் விதிவிலக்கு ஆகா.

இவ்வளவு கூறியதால் வருகிறவர்களைச் சந்தேகக் கண்ணோடு வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று எவரும் கொள்ளற்க. அவர்களுள் சிலர் நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே. தறியின் ஓசையில் உறங்கி வளர்ந்து, படித்து, திரும்பி வந்திருக்கின்றனர். உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் முதலாவதாகக் கேட்கப்போகும் கேள்விக்கு நம்மிடம் விடை இருத்தல் வேண்டும்: மாதம் எத்தனை கிலோ? பெரும்பாலான சங்கங்களில் இதற்குப் பதிவேடு இல்லை. வரும் மாதம் முதல் பருத்தித் துண்டு ஒரு சாக்கு, பட்டு ஒரு சாக்கு, கலப்பு நூல் ஒரு சாக்கு என்று தனித்தனியே போட்டு, சனிக்கிழமைதோறும் எடை பார்த்து, தேதியிட்டு எழுதி வருவதற்குச் செலவு ஒன்றுமில்லை. விவசாயிகள் சங்கங்கள் சாணத்தையும் சக்கையையும் ஒரு வாரம் மாதிரிக்கு எடை போட்டால் ஆண்டுக் கணக்கு ஓரளவு கிடைத்துவிடும். அறுவடை மாதங்களில் மட்டும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். கரும்புச் சோகையும் நிலக்கடலைக் கொடியும் ஆண்டு முழுதும் ஒரே அளவில் வருவதில்லை.